கேளுங்கள், சொல்கிறோம்: நகருக்குள் ஒரு பொதுத்தோட்டம்

கேள்வி: எங்கள் நகரில் பூங்காவுக்கென்று விட்ட 12 சென்ட் இடம் புதர் மண்டிக் கிடந்தது. முப்பது வீட்டார் சேர்ந்து வெட்டித் திருத்திக் காய்கறி போட்டுவருகிறோம். சங்கமாகப் பதிந்துவிட்டால் இடம் கையைவிட்டுப் போகாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சங்கம் பதிவது நல்லதுதான். ஆனால் நிலத்தை அது காக்காது. 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம். வங்கிக் கணக்கு தொடங்கலாம், மனுவில் கையெழுத்துப் போட ஒரு பெயர் இருக்கும், அவ்வளவே.

முதலில் இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேடு ஆகிய மூன்றின் நகலும் வேண்டும். சிக்கல் பெரும்பாலும் தானப்பத்திரத்தில்தான். வரைபடத்தில் ‘பூங்கா’ என்று போட்டிருப்பார்கள், பத்திரம் எழுதியே இருக்க மாட்டார்கள். பட்டா மனை போட்டவர் பெயரிலேயே கிடக்கும். பிற்பாடு வாரிசுகள் வந்து விலை பேசுவார்கள். ஆகவே அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதில் தானப்பத்திரம் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி மாநகராட்சிக்கு மனுக் கொடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘பூங்கா இடம் ஒப்படைக்கப்பட்டதா?’ என்று பொதுவாகக் கேட்டால் மழுப்பலான பதில் வரும். ‘இன்ன எண் மனைப்பிரிவின் தானப்பத்திர நகல் வேண்டும்’ என்று ஆவணத்தைச் சொல்லியே கேளுங்கள்.

இடம் மாநகராட்சி பெயரில் இருந்தால், பயிர் செய்ய அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர்க் கட்டணம் யாருடையது, எத்தனை ஆண்டு, எப்போது புதுப்பிப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பூங்காவை வேறொன்றாக மாற்றவிடாமல் தடுக்க உதவும் அதே சட்டத்தை உங்கள் மேலும் காட்டலாம். கேட்டுக்குப் பூட்டுப் போடாதீர்கள். நடுவே நான்கடிப் பாதையும் ஓரமாக இரண்டு பெஞ்சும் இருந்து, யாரும் வந்து உட்காரலாம் என்றால் அது பூங்காதான். பூட்டினால் முதல் புகார் பக்கத்துத் தெருவிலிருந்து வரும்.

நியூயார்க்கில் 1973-ல் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் முனையில் குப்பை கிடந்த மனையைத் திருத்தித் தோட்டம் போட்டார்கள். அதைப் பார்த்து நகரெங்கும் தோட்டங்கள் பெருகின. 1999-ல் நகர நிர்வாகம் அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டதை ஏலம் விடப் போனது. மண் நகராட்சியுடையது, மக்களிடம் இருந்தது பயிரிடும் அனுமதி மட்டுமே. இரண்டு அறக்கட்டளைகள் பணம் கொடுத்து வாங்கியதால்தான் அவை பிழைத்தன.

கேள்வி: தோட்டத்தின் வரலாற்றை எழுதிவைக்க நினைக்கிறோம். கிடைத்த பழைய பத்திரம் மலையாளத்தில் ‘1119 மேடம்’ என்று இருக்கிறது. எந்த வருடம்?
– வாசகி, தக்கலை

பதில்: அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. மேடம் என்பது நம் சித்திரை. 1956 நவம்பர் 1 வரை நம் ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் அக்காலப் பத்திரங்களில் இந்தக் கணக்கு இருக்கும். ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அதிலிருந்து டிசம்பர் 31 வரை 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுவரை 825. உங்கள் பத்திரம் 1944 ஏப்ரல்–மே. தனு (மார்கழி) மாதம் இரண்டு ஆங்கில ஆண்டில் விழும், அதற்குத் தேதியையும் பார்க்க வேண்டும்.

வரலாறு என்றால் பத்திரம் மட்டுமல்ல. பாத்தி வாரியாக ஒரு பதிவேடு போடுங்கள்: யார், என்ன விதை, யாரிடமிருந்து வந்தது. வருடா வருடம் ஒரே நான்கு மூலையில் நின்று படம் எடுங்கள். அயனி, புளி போன்ற பெரிய மரங்களைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நூல் சுற்றி அளந்து தேதியுடன் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதே உயரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் சிறுத்துப்போனதாகக் கணக்கு வரும்.

கேள்வி: மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தை பாத்தியைத் தின்று தீர்க்கிறது. உப்புத் தூவலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பாத்தியில் தூவாதீர்கள், மண் கெட்டு வேர் கருகும். சாயங்காலம் நனைத்த சணல் சாக்கை விரித்து உள்ளே முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை போடுங்கள். விடியுமுன் கையுறையோடு பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுக் கொன்று குழியில் புதையுங்கள். வெறுங்கை கூடாது, மூளைக்காய்ச்சல் தரும் புழு அதன் உடம்பில் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மட்டி வாழைக் கன்றை எல்லாருக்கும் கொடுத்தோம். இப்போது பல பாத்தியில் இலை குறுகிக் கொத்தாக நிற்கிறது.
– வாசகி, குலசேகரம்

பதில்: முடிக்கொத்து நோய். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடு விட்டுவிட்டுத் தெரிந்தால் உறுதி. அசுவிணிப் பூச்சி பரப்பும் வைரஸ் இது, மருந்து கிடையாது. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி மலைவாழையைச் சீரழித்ததும் இதுதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டிக்கு அந்தக் கதி வரக்கூடாது.

பிடுங்குவதற்கு முன்பு வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் அடித்து அசுவிணியைக் கொல்லுங்கள். அப்படியே பிடுங்கினால் அது அடுத்த வாழைக்குப் போய்விடும். பிறகு கிழங்கோடு தோண்டி, துண்டுபோட்டுப் புதையுங்கள். அந்த மூட்டிலுள்ள கன்று பார்க்க நன்றாக இருந்தாலும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. நோயில்லாத மூட்டிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள, ஈட்டி போல ஒடுங்கிய இலைக் கன்றை எடுத்து, வேரையும் மேல்தோலையும் சீவி ஆறடி இடைவெளியில் நடுங்கள். எந்தத் தாய் மூட்டுக் கன்று எந்தப் பாத்திக்குப் போனது என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள். மறுபடி நோய் தலைகாட்டினால் எங்கெங்கே தோண்ட வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.