மனசு மரத்துப்போகிறதா? களப்பணியாளர் கேள்வி-பதில்

வடசென்னையில் சமூகப் பணி செய்யும் வாசகர்கள் மனச்சோர்வு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: பள்ளி இடைநின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு அம்மா அழுதால் எனக்கும் கண் கலங்கும். இப்போது அவர் அழும்போதே, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்றுதான் தோன்றுகிறது. போன வாரம் 'இந்தக் குடும்பமெல்லாம் திருந்தாது' என்று சக ஊழியரிடம் சொல்லிவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.
– வாசகி, வியாசர்பாடி

பதில்: உங்கள் குணம் கெட்டுப்போகவில்லை. நீண்ட நாள் சுமை இப்படித்தான் வெளியே தெரியும். நீடித்த வேலைச் சுமையால் ஆள் வற்றிப்போவதைக் குறிக்கும் 'பர்ன் அவுட்' என்ற சொல்லை 1974-ல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் எழுதியதே, நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் தொண்டு செய்தவர்கள் சோர்ந்துபோனதைப் பார்த்துத்தான். பிறகு உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: மனசு வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் கேஸாகப் பார்ப்பது, நான் செய்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது. மனசு வற்றிய ஆள், இருக்கிற கொஞ்சத்தையும் காப்பாற்றிக்கொள்ள ஓரடி தள்ளி நிற்கிறார். நிறுத்த வேண்டியது இந்த இடத்தில்தான். மூன்றாவதும் சேர்ந்துவிட்டால் வேலையை விடுவதைத் தவிர வேறு எதுவும் தோன்றாது.

முதலில் வீடு பார்க்கும் வரிசையை மாற்றுங்கள். அடிதடி நடக்கும் வீடு, சாவு விழுந்த வீடு, குழந்தைக்குக் கொடுமை நடந்த வீடு ஆகியவை கனமான விசிட்டுகள். இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள், நாளின் கடைசி விசிட்டாகவும் வைக்காதீர்கள். கனமான வீட்டிலிருந்து வெளியே வந்ததும் போனை எடுக்காமல் 10 நிமிடம் எங்காவது உட்காருங்கள். 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். இப்படி 10 முறை. வெளிமூச்சு நீளும்போது படபடப்பு குறையும்.

அடுத்து, வந்த உணர்வுக்குச் சரியான பெயர் வையுங்கள். 'டென்ஷன்' என்று நிறுத்திக்கொண்டால் எதுவும் நகராது. கோபமா, பயமா, இயலாமையா, குற்ற உணர்ச்சியா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. கோபம், டி.சி. வராமல் சேர்க்க மாட்டோம் என்ற பள்ளியின் மேல் என்றால் உங்களுக்கு வேலை இருக்கிறது: 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. இதை எழுதிக் கொடுத்துப் பேசுங்கள். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, வாடகை பாக்கி என்ற இடத்தில் வருவது இயலாமை. அதை நீங்கள் ஒருவராகச் சுமக்காமல் அன்றே மேற்பார்வையாளரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. களத்தில் கழிப்பறை கிடைக்காது என்று பெண் பணியாளர்கள் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மதியச் சாப்பாடும் தள்ளிப்போகிறது. மூன்று மணிக்கு வரும் தலைவலியையும் எரிச்சலையும் 'எனக்குப் பொறுமை போய்விட்டது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைய வழியில் ஓர் அங்கன்வாடியோ ஆரம்ப சுகாதார நிலையமோ பழகிய வீடோ வருகிற மாதிரி திட்டமிடுங்கள்.

அந்த அம்மாவிடம் மறுபடி போகும்போது, உட்கார்ந்ததும் சொல்லுங்கள்: "அக்கா, போன தடவ அவசரத்துல கெளம்பிட்டேன். இன்னிக்கு இருபது நிமிஷம் இருப்பேன், சொல்லுங்க." நேரத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றாது. அவருக்கும் எதை முதலில் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

கேள்வி: இரவு 11 மணிக்கும் போன் வருகிறது. எடுக்காவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் போகிறது.
– வாசகர், புளியந்தோப்பு

பதில்: வேலைக்குத் தனி சிம் வாங்குங்கள். சொந்த எண்ணை இனி யாருக்கும் தராதீர்கள். எத்தனை மணி வரை பேசலாம், அதற்கு மேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. ஒருமுறை சொல்லிவிட்டு வராமல் அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கணவன் அடிக்கும் வீட்டில் 181 என்று சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டாம், அவன் கண்ணில் பட்டால் அதற்கும் சேர்த்து அடி விழும். மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், அல்லது அவர் போனில் வேறு பெயரில் பதியுங்கள்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில். விதியைச் சொன்ன பிறகு, 'இந்த ஒரு தடவை' என்று பத்தாவது அழைப்பை எடுத்துவிடுவீர்கள். பத்து முறை அடித்தால் சார் எடுப்பார் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். அது அவர்கள் தப்பு அல்ல. நிறுவனத்தில் நாலு பேர் இருந்தால் இரவுக்கு ஒரே ட்யூட்டி போன், வாரத்துக்கு ஒருவர் கையில் என்று வையுங்கள். அந்த வாரம் வைத்திருந்தவருக்கு அடுத்த வாரம் அரை நாள் ஓய்வு தர வேண்டும்.

கேள்வி: எங்கள் டிரஸ்டில் களப்பணியாளர்கள் நிற்பதே இல்லை. எமோஷனல் இன்டலிஜென்ஸ் பற்றி ஒருநாள் பயிற்சி கொடுத்தும் பயன் இல்லை. என்ன செய்வது?
– ஒருங்கிணைப்பாளர், தண்டையார்பேட்டை

பதில்: பயிற்சியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டீர்கள். உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் 1990-ல் வகுத்தபடி, எமோஷனல் இன்டலிஜென்ஸ், அதாவது உணர்வு நுண்ணறிவு என்பது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, பிரித்தறிந்து, அதைக் கொண்டு யோசித்துச் செயல்படும் திறன். இது வாராவாரம் பழகினால் வரும். ஆனால் 60 குடும்பங்களைப் பார்ப்பவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் 61-வது குடும்பத்தைத் தாங்கும் தெம்பு வந்துவிடாது. நோய்களை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியல் பர்ன் அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. ஆகவே ஆளைத் திருத்துவதற்கு முன் வேலையைத் திருத்துங்கள்.

கேஸ்களை எண்ணாதீர்கள், எடை போடுங்கள். கனமானதற்கு 3, ஃபாலோ-அப் நடப்பதற்கு 2, பதிவு மட்டும் பாக்கி இருப்பதற்கு 1. மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். இருவர் கையிலும் 20 கேஸ் இருந்தாலும் ஒருவருக்கு 50-ம் மற்றவருக்கு 28-ம் வரலாம். அங்கே உடனே மாற்றிக் கொடுங்கள். நன்றாகச் செய்கிறவர் தலையிலேயே கனமான கேஸையெல்லாம் கட்டுவதால்தான் நல்ல ஆட்கள் முதலில் போய்விடுகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் தனியாக சூப்பர்விஷன் கொடுங்கள். ரிப்போர்ட் நோட்டு அந்த மேசையில் இருக்கக் கூடாது. முதல் 10 நிமிடம் அவர் எப்படி இருக்கிறார், அடுத்த 35 நிமிடம் ஒரே ஒரு கேஸ், மீதி 15 நிமிடம் உங்களிடமிருந்து என்ன உதவி வேண்டும். 'ஏன் முடிக்கவில்லை' என்று கேட்காமல், 'அந்த வீட்டில் எந்த இடத்தில் உங்களுக்குப் பேச்சு வராமல் போனது?' என்று கேளுங்கள். சம்பள உயர்வை முடிவு செய்பவரிடம் யாரும் தளர்ச்சியைச் சொல்ல மாட்டார்கள். முடிந்தால் வெளியிலிருந்து ஒரு மூத்த சமூகப் பணியாளரை இதற்கு அழையுங்கள்.

பார்த்துவந்த ஒருவர் இறந்துவிட்டால் அன்றே பணியாளரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சாவுக்குப் போக வேண்டும் என்றால் வேலை நேரத்திலேயே போகட்டும். மறுநாள் கனமான விசிட் வேண்டாம். எல்லோரையும் உட்கார வைத்து, நடந்ததை விலாவாரியாகச் சொல்லவைக்கும் கூட்டம் மட்டும் வேண்டாம். அப்படிக் கட்டாயப்படுத்தும் ஒற்றைக் கூட்டத்தால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகிறது.

கடைசியாக, பஸ், ஷேர் ஆட்டோ காசை மாதக் கணக்கில் நிலுவையில் வைத்துக்கொண்டு மன நலம் பற்றிப் பேசாதீர்கள்.

கேள்வி: இது பர்ன் அவுட்டா, டிப்ரஷனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, காசிமேடு

பதில்: இரண்டும் கலந்து வரலாம், நீங்களே தீர்மானிக்க வேண்டாம். ஓர் அடையாளம் உண்டு. பர்ன் அவுட்டில் கசப்பு பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும், லீவில் வீட்டுப் பிள்ளைகளோடு சிரிக்க முடியும். பிடித்த எதிலும் ஒட்டாமல், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் அப்படியே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸை 14416-ல் கூப்பிடுங்கள்; 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எப்போதிலிருந்து தூக்கம் கெட்டது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அலுவலகத்தில் விவரம் சொல்லத் தேவையில்லை. 'டாக்டரைப் பார்க்கப் போகிறேன்' என்று எழுதினால் லீவு லெட்டருக்கு அது போதும்.