கடவுளுக்கும் இரண்டு விதிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ப்ரூஸ் ஆல்மைட்டி' படத்தை நண்பர்களோடு பார்த்தேன். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. கடவுளின் சக்தி முழுவதும் கையில் கிடைத்த நாயகன் ப்ரூஸ், புது கார், நல்ல உடை, அலுவலகப் போட்டியாளனைப் பழிவாங்குவது என்று அற்பமாகவே யோசிக்கிறான். பசியையும் போரையும் ஒழிக்க அவனுக்குத் தோன்றவே இல்லையே? இன்னொன்று, யாருடைய சுயவிருப்பத்திலும் தலையிடக் கூடாது என்பது கடவுள் போட்ட விதி. ஆனால் ப்ரூஸ், செய்தி வாசிக்கும் இவானைத் தன் இஷ்டத்துக்கு உளற வைக்கிறான். இது திரைக்கதை ஓட்டை இல்லையா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இவானின் நாக்கை ப்ரூஸ் ஆட்டி வைக்கிறான், உண்மைதான். ஆனால் அந்தக் காட்சியில் இவானின் முகத்தைக் கவனியுங்கள். ஸ்டீவ் கேரல் எவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறார்! வாய் கண்டதையும் உளறுகிறது, கண்கள் தவிக்கின்றன. சொல்ல நினைத்தது வேறு. அந்த நினைப்பு கடைசிவரை அவனுடையதாகவே இருக்கிறது. ப்ரூஸின் பிடியில் சிக்குவது நாக்குதான், மனம் இல்லை. அதனால் எனக்கு இது ஓட்டையாகப் படவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் படம் அங்கே சிரிக்கச் சிரிக்கக் காட்டிவிடுகிறது. அப்புறம் அதே எல்லையில்தான் ப்ரூஸ் முட்டி நிற்கிறான்.

காதலி கிரேஸுக்காக ஓர் இரவை அழகாக்க, கயிறு வீசி இழுப்பதுபோல் நிலவையே அருகில் கொண்டுவருகிறான். அதன் பின்விளைவாக ஜப்பானில் பேரலைகள் என்று தொலைக்காட்சிச் செய்தி ஒன்று வந்து போகும். அசந்தால் தவறிவிடும். நிலவு பாதித் தூரத்துக்கு வந்தால் கடலை ஏற்றி இறக்கும் அதன் விசை எட்டு மடங்காகும், எனவே அந்தச் செய்தியில் அறிவியலும் இருக்கிறது. படம் அதற்காக நிற்பதில்லை. ஒருவனுடைய காதல் இரவுக்கு உலகத்தின் இன்னொரு மூலையில் யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது.

நிலவை நகர்த்திய அதே ஆள், கிரேஸ் விலகிப் போன பிறகு அவள் முன்னால் கையை வீசி, என்னைக் காதலி என்று கட்டளையிடுகிறான். ஒன்றும் நடப்பதில்லை. ப்ரூஸாக நடித்த ஜிம் கேரியின் உடல்மொழி முழுக்க வீணாகிற அந்தக் கணத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. விருப்பத்தில் தலையிடாமல் ஒருவரை நேசிக்க வைப்பது எப்படி என்று கடவுளிடமே கேட்கிறான். விடை கிடைத்தால் எனக்கும் சொல் என்பதுபோல் பதில் சொல்கிறார் கடவுளாக வரும் மார்கன் ஃப்ரீமன். கடவுளுக்கும் கைவராத ஒன்று உண்டு என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தது பெரிய துணிச்சல்.

சரி, உங்கள் முதல் கேள்வி. ப்ரூஸின் குறை என்ன? பஃபலோ நகரத்துத் தொலைக்காட்சி நிருபர் அவன். செய்தி வாசிப்பாளர் பதவி கைநழுவிப் போனது. அவ்வளவுதான். குறை எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்குத்தான் வரமும் பயன்படும். முதல் நாளே அவன் உலகப் பசியைத் தீர்க்கக் கிளம்பியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மற்றவர்களின் வேண்டுதல்கள் அவனுக்குத் தொல்லையாகத்தான் வந்து சேர்கின்றன. முதலில் கோப்புகள், பிறகு ஒட்டுச்சீட்டுகள், கடைசியில் மின்னஞ்சல்கள். சலித்துப்போய் எல்லாவற்றுக்கும் மொத்தமாக 'ஆம்' என்று அழுத்திவிடுகிறான். கேட்டவர்கள் எல்லாருக்கும் லாட்டரி விழுகிறது, ஆளுக்கு 17 டாலர்தான் தேறுகிறது. ஊரில் கலவரம். படிக்காமலே தரப்பட்ட வரம் அது. நாம் வேண்டும்போது கேட்டது கிடைக்க வேண்டும் என்பதோடு, யாராவது நாம் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றும்தானே ஏங்குகிறோம்? அந்தக் கேட்டலை ப்ரூஸ் யாருக்கும் தரவில்லை.

நீங்கள் கேட்ட பசியும் போரும் படத்திலேயே இருக்கின்றன. முடிவுக்கு அருகில், ஒரு வேண்டுதல் சொல் என்கிறார் கடவுள். பசித்தவர்களுக்கு உணவு, மனிதகுலத்துக்கு அமைதி என்கிறான் ப்ரூஸ். அழகிப் போட்டி மேடைக்கு அது பொருத்தம் என்று சிரித்துவிட்டு, நீ உண்மையில் யாருக்காகக் கவலைப்படுகிறாய் என்று கேட்கிறார். அப்போதுதான் கிரேஸின் பெயர் வருகிறது. அவள் எனக்குத் திரும்ப வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. அவளைச் சரியாக நேசிக்கத் தெரிந்த ஒருவர் அவளுக்குக் கிடைக்கட்டும் என்று கேட்கிறான். படத்தில் அவன் செய்யும் மிகப் பெரிய காரியம் அதுதான் என்பேன்.

அதனாலேயே முடிவில் எனக்கு மனக்குறை உண்டு. அந்த வேண்டுதலைச் சொன்ன கையோடு கிரேஸ் அவனிடமே திரும்பிவிடுகிறாள். கொஞ்சமாவது அவன் இழந்திருக்க வேண்டும். 2003-ல் கோடைக்கால நகைச்சுவையாக வெளியான படம் அதற்கு இடம் தரவில்லை.

வரம் பெற்றவன் உங்கள் விருப்பப்படியே பெரிதாக யோசித்தால் என்னாகும் என்று பார்க்க ஒரு பழைய படம் இருக்கிறது. எச்.ஜி. வெல்ஸின் 1898-ம் ஆண்டுக் கதையிலிருந்து 1936-ல் எடுத்த 'தி மேன் ஹூ குட் வொர்க் மிராக்கிள்ஸ்'. அதில் ஒரு சாதாரண ஆள் உலகத் தலைவர்களை எல்லாம் வரவழைத்து, போரும் பேராசையும் இல்லாத உலகத்தை உருவாக்கச் சொல்லிக் கட்டளையிடுகிறான். அவகாசம் போதாது என்றதும் பூமி சுழல்வதையே நிறுத்துகிறான். தரைமேல் இருந்ததெல்லாம் தூக்கி வீசப்படுகிறது. கிடைத்தால் பாருங்கள், பார்த்துவிட்டு ப்ரூஸின் அற்பத்தனம் பற்றி மறுபடியும் எழுதுங்கள்.