ஆணிக்கடைக் கணக்கு: மோல் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். மோல் பாடம் வந்தாலே வகுப்பில் பாதி முகம் வாடிவிடும். கேட்டிருப்பவர்களில் மாணவர்கள் மட்டுமல்ல, ஒரு விவசாயியும் இருக்கிறார். கணக்குக்கு வசதியாக அணு நிறைகளை முழு எண்ணாகவோ அரையாகவோ வைத்துக்கொள்கிறேன்.

பிளஸ் ஒன் மாணவி: சார், மோலுக்கு வரையறை மனப்பாடமாத் தெரியும். கணக்குன்னு வந்தா எங்க வகுக்கணும், எங்க பெருக்கணும்னு குழம்புது.

ஹார்டுவேர் கடையில் போய் ஐந்நூறு ஆணி கேட்டுப் பாரும்மா. கடைக்காரர் உட்கார்ந்து எண்ண மாட்டார், நிறுத்துத்தான் போடுவார். ஓர் ஆணி 2 கிராம் என்றால் ஒரு கிலோவில் 500 ஆணி. நாமும் அதையேதான் செய்கிறோம். அணுவைத் தனியாக எடுத்துத் தராசில் வைக்க முடியாது, அதனால் 6.022 × 10²³ துகள்கள் கொண்ட ஒரு குவியலை அலகாக வைத்துக்கொண்டோம், அதுதான் ஒரு மோல். 2019 மே 20 முதல் இந்த எண் 6.02214076 × 10²³ என்று வரையறையாகவே நிலைத்துவிட்டது. அதற்கு முன்பு, 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணு இருக்கிறது என்று அளந்துதான் சொல்லிவந்தோம்.

ஒரு மோலின் எடை எத்தனை கிராமோ அதுதான் மோலார் நிறை. கையில் கிராம் இருந்தால் மோலார் நிறையால் வகுத்துவிடு, மோல் வரும். மோல் இருந்தால் பெருக்கு, கிராம் வரும். 36 கிராம் தண்ணீர் என்றால் 36 ÷ 18 = 2 மோல். சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்களெல்லாம் மோல் கணக்கு. கிராமைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் நுழையாதே.

அதே வகுப்பு மாணவர்: 28 கிராம் நைட்ரஜனும் 10 கிராம் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகுது. எது முதலில் தீரும்? ஹைட்ரஜன்தானே கம்மியா இருக்கு?

இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுவது, தம்பி. எடையைப் பார்த்துச் சொல்லாதே. நைட்ரஜன் 28 ÷ 28 = 1 மோல். ஹைட்ரஜன் 10 ÷ 2 = 5 மோல். ஒரு மோல் நைட்ரஜனுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன் போதும். ஆக முதலில் தீர்வது நைட்ரஜன், அதுதான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. அம்மோனியா 2 மோல், அதாவது 34 கிராம். மீதி ஹைட்ரஜன் 2 மோல், 4 கிராம். 34 + 4 = 38. தொடக்கத்தில் போட்டதும் 38. இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்காமல் பேனாவை மூடாதே.

நெல் போடும் ஒருவர்: ஐயா, டிஏபி மூட்டையில் 18:46 என்று போட்டிருக்கிறது. என் மகள் அதன் வேதி வாய்ப்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டால் பாஸ்பரஸ் 23.5 சதவீதத்தைத் தாண்டவில்லை. மூட்டை பொய் சொல்கிறதா?

உங்கள் மகளை எனக்குப் பிடித்துவிட்டது, ஐயா. அவர் போட்டது சரி. மூட்டையும் பொய் சொல்லவில்லை.

டை அம்மோனியம் பாஸ்பேட்டின் மோலார் நிறை 132. அதில் பாஸ்பரஸ் 31. 31 ÷ 132 = 23.5 சதவீதம். மூட்டையில் இருக்கும் 46, பாஸ்பரஸ் அல்ல, பாஸ்பரஸ் பென்டாக்சைடு. உரத்தில் அந்தப் பொருளே கிடையாது. தனிமத்தை ஆக்சைடாகக் கணக்கிட்டு எழுதும் பழைய பகுப்பாய்வு வழக்கம் மூட்டைகளில் அப்படியே தங்கிவிட்டது. அந்த ஆக்சைடின் நிறை 142, அதில் பாஸ்பரஸ் இரண்டு அணு, 62. எனவே 46 × 62 ÷ 142 = சுமார் 20. ஐம்பது கிலோ மூட்டையில் உண்மையான பாஸ்பரஸ் 10 கிலோதான். மகளுக்கு 23.5 வந்தது முழுத் தூய்மையான உப்புக்கு. கடையில் வருவது அவ்வளவு தூய்மையாக இருக்காது.

பொட்டாஷிலும் இதே கதை. அதைச் சாம்பல் சத்து என்கிறோம், மூட்டையில் 60 என்று இருக்கும். ஆனால் பொட்டாசியம் குளோரைடை எவ்வளவு சுத்தம் செய்தாலும் பொட்டாசியம் 39 ÷ 74.5 = 52.3 சதவீதத்தைத் தாண்டாது. 60 என்பதும் ஆக்சைடு கணக்கு. அதை 78 ÷ 94 ஆல் பெருக்கினால் 49.8.

யூரியாவில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. தழைச்சத்தை நைட்ரஜனாகவே எழுதுகிறார்கள். 28 ÷ 60 = 46.67, மூட்டையில் 46. 45 கிலோ மூட்டைக்கு 20.7 கிலோ நைட்ரஜன்.

கல்லூரி முதலாண்டு மாணவி: மயில்துத்தத்தில் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசல் ஒரு லிட்டர் செய்தேன். 15.95 கிராம் நிறுத்துப் போட்டேன். செறிவு குறைவாக வருகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

படிகத்துக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரை மறந்துவிட்டாய். நீலப் படிகத்தில் காப்பர் சல்பேட் ஒன்றுக்கு ஐந்து நீர் மூலக்கூறு. 159.5 + 90 = 249.5. நீ நிறுத்த வேண்டியது 24.95 கிராம். போட்டது 15.95 என்றால் கிடைத்தது சுமார் 0.064 மோலார். நீரற்ற வெள்ளைப் பொடியாக இருந்திருந்தால் உன் கணக்குச் சரியாக வந்திருக்கும். பாட்டில் லேபிளில் இருக்கும் மோலார் நிறையை முதலில் படி.

நீட் பயிற்சி மாணவர்: இரும்பு 72.4 சதவீதம், ஆக்சிஜன் 27.6. அணு நிறையால வகுத்தா மோல் விகிதம் 1 : 1.33 வருது. 1 : 1ன்னு எடுத்துக்கலாமா?

கூடவே கூடாது. 1.02 வந்தால் 1 ஆக்கலாம், அது அளவீட்டுப் பிழை. 1.33 என்பது பிழையல்ல, 4 ÷ 3 என்று உன்னிடம் சொல்லும் எண். இரண்டையும் மூன்றால் பெருக்கு, 3 : 4 வரும். அது மாக்னடைட், சேலம் கஞ்சமலையில் கிடைக்கிற இரும்புத் தாது. 1.5 வந்தால் இரண்டால், 1.25 வந்தால் நான்கால் பெருக்கு. உன் கணக்குப்படி 1 : 1 என்று எழுதினால், அது வேறொரு ஆக்சைடு, அதில் இரும்பு 77.8 சதவீதம்.

இப்படிக் கிடைப்பது எளிய விகித வாய்ப்பாடு மட்டுமே. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம், தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம், குளுக்கோஸ் மூன்றுக்கும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் விகிதம் 1 : 2 : 1தான். மோலார் நிறை 60, 90, 180 என்று தெரிந்தால்தான் எது எது என்று பிரிக்க முடியும்.

அதே மாணவர்: ஒரு புத்தகத்தில் வாயுவின் மோலார் கனஅளவு 22.4 லிட்டர், இன்னொன்றில் 22.7. எது சரி?

இரண்டும். 0 டிகிரியில் அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் 22.4, 1 பார் என்றால் 22.7. கேள்வியில் எந்த அழுத்தம் என்று பார்த்துப் போடு. இன்னொன்று, தண்ணீருக்கு 22.4 போட்டு வந்த விடைத்தாள்களை நானே திருத்தியிருக்கிறேன். ஒரு மோல் தண்ணீர் வெறும் 18 மில்லி, ஒரு மடக்கு.