ராஸ்பெரி பை 4: மீட்டர் காட்டுவது 0.7, அடாப்டர் மட்டும் ஏன் 3 ஆம்பியர்?

வணக்கம். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி போர்டுக்கு 3 ஆம்பியர் அடாப்டர் எதற்கு, மின்னோட்டம் அளக்கும் மீட்டரில் 0.7 ஆம்பியர்தான் ஓடுகிறது, வீட்டில் இருக்கும் 1 ஆம்பியர் போன் சார்ஜர் போதாதா, ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் மட்டும் போர்டு ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. மீட்டர் காட்டுவது சராசரி. டிஸ்க் சுழலத் தொடங்கும் ஓரிரு விநாடிகளில் அது மட்டுமே 1 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த ஏற்றம் மீட்டரில் சரியாகத் தெரியாது, ஆனால் போர்டுக்குத் தெரியும். சார்ஜரால் தாங்க முடியாமல் வோல்ட் சரிகிறது, சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரும். பார்த்திருப்பீர்கள்.

கேபிளையும் கவனியுங்கள். மெல்லிய கேபிளில் 0.2 ஓம் இருந்தாலே 2 ஆம்பியரில் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். ராஸ்பெரி பை கம்பெனியின் சொந்த அடாப்டர் 5 வோல்ட்டுக்குப் பதில் 5.1 வோல்ட் தருவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

அப்புறம் சூடு. முழு அளவில் ஓடும் அடாப்டருக்குள் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) சீக்கிரம் காய்ந்துவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பாதிச் சுமையில் ஓடினால் பல வருடம் உழைக்கும்.

3 ஆம்பியர் போட்டால் போர்டு எரியுமோ என்ற பயம் வேண்டாம். போர்டு தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். வோல்ட் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அடாப்டர் வாங்குமுன் மெமரி கார்டை ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். இப்படி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆனால் ஃபைல்கள் கெடும்.