வாசகர் கேள்வி – பதில்: எஸ் வளைவும் முப்பது விநாடி வீடியோவும்

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஞாயிறு காலையில் நண்பர்களுடன் புளியரை மலைப்பாதைக்குப் போய்விடுகிறான். எஸ் வளைவில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிக் காட்டிவிட்டு, ‘உன்னால் முடியுமா?’ என்று மூன்று பேரின் பெயரைச் சொல்லி அழைக்கும் ரீல்ஸ் எங்கள் பக்கத்துப் பையன்களிடையே கொஞ்ச நாளாக ஓடுகிறது. கேட்டால், ‘நான் வீலிங் பண்ணுவதில்லை அம்மா, செல்போனில் படம் மட்டும்தான் எடுக்கிறேன்’ என்கிறான். அங்கே போவது அவன் அப்பாவின் பைக்கில். படம் எடுப்பதும் தவறா?
– ஒரு தாய், புளியரை

பதில்: தவறுதான் அம்மா. ஆனால் அதற்கு முன் அந்த பைக்கின் ஆர்சி புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் கியர் வண்டி ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. பதினாறு வயது முடிந்தவர் உரிமம் பெற்று ஓட்டக்கூடியது 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டுமே. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதையோ, தடுக்கத் தக்க முயற்சி எடுத்தோம் என்பதையோ அவர்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது ஆகும் வரை எல்எல்ஆர் கூடக் கிடைக்காது. எனக்குத் தெரிந்த வரையில், பதின்ம வயதுப் பையன்களை உண்மையில் யோசிக்க வைப்பது இந்தக் கடைசிச் செய்திதான்; சிறை என்றால் சிரித்துவிடுகிறார்கள்.

இனி, படம் எடுப்பதற்கு வருவோம். செல்போனைப் பிடிக்க ஆள் இல்லாத காலையில் யாரும் அந்த வளைவில் சக்கரத்தைத் தூக்குவதில்லை. ‘படம் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை வா’ என்று சொல்பவன் படம் எடுப்பவனே. ஆகவே எத்தனை முறை ஆபத்துக்குள் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவனும் அவனே. ஒரு குற்றத்தைத் தூண்டுவதும், தெரிந்தே அதற்கு உதவுவதும் உடந்தை என்றுதான் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் சொல்கிறது. ‘படம் மட்டும்’ என்ற சொல்லுக்குக் காவல் நிலையத்தில் மதிப்பு இருக்காது.

அவன் நிற்கும் இடமும் எனக்குக் கவலை தருகிறது. நல்ல காட்சி கிடைக்க வேண்டுமென்று வளைவின் உட்புறத்தில், சாலைக்கு முதுகு காட்டி நிற்பார்கள். அந்த வழியாகக் கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகளை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். நீளமான லாரி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்திலேயே போவதில்லை. உட்புறத்தை வெட்டிக்கொண்டு வரும். அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர் எதிர்ப்பக்கம் ஏறி, சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். வெளிப்புறத்தில் முன்சக்கரம் தூக்கிய பையன், உட்புறத்தில் செல்போன் பிடித்த பையன், இருவருக்குமே அப்போது இடம் இருப்பதில்லை. முன்சக்கரம் தரையில் இல்லாத வண்டியைத் திருப்பவும் முடியாது, முன்பிரேக்கும் பயன்படாது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்பது விநாடிக்குப் பதினோரு மீட்டர். எதிரே வருவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனால், அந்தப் பதினோரு மீட்டரும் வேகம் குறையாமலே கடந்து போயிருக்கும். தென்மேற்குப் பருவத்தில் தூறலும் மஞ்சும் சேர்ந்த சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மகனைத் திட்டுவதை விட, பதிவேற்றாமல் விட்ட காட்சிகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சறுக்கியது, விழுந்தது, லாரிக்காரர் ஹாரன் அடித்து ஏசியது எல்லாம் அவன் செல்போனில்தான் இருக்கும். வெட்டி எடுக்கப்பட்ட முப்பது விநாடியில் அவை இருக்காது. அழைக்கப்படும் அந்த மூன்று பேர் பார்ப்பது வெற்றி பெற்ற ஒரு தடவையை மட்டும்தான். வெட்டியவன் உங்கள் மகன் என்பதால், இதை அவனைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யாருமில்லை. பைக் சாவியை அவன் அப்பா தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: இந்தச் ‘சேலஞ்ச்’ பைத்தியம் எங்கிருந்து வந்தது? எல்லாமே கெட்டவைதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை

பதில்: எல்லாமே இல்லை ஐயா. 2014இல் உலகம் முழுவதும் பரவிய ஐஸ் பக்கெட் சவாலில் ஒருவர் தலையில் பனிநீரைக் கொட்டிக்கொண்டு அடுத்தவர்களை அழைத்தார். ஏஎல்எஸ் என்னும் நரம்பு நோய்க்காக அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு மட்டும் பதினொன்றரைக் கோடி டாலர் சேர்ந்தது. அந்த நிதியின் உதவியோடு நடந்த ஆய்வில், நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு 2016இல் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு, அதாவது 2014இல், ஹைதராபாத்தில் ஒருவர் தண்ணீரை ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்டு, ஒரு வாளி அரிசியை ஏழைக்குக் கொடுக்கும் சவாலாக அதை மாற்றினார். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடித்தது.

ஆனால் மூன்று பேரை அழைப்பது என்ற அதே ஏற்பாட்டில் எதையும் வைத்து அனுப்பலாம். 2018இல் ஓடும் காரிலிருந்து இறங்கி ஆடும் ‘கிகி’ வந்தது. மும்பை அருகே ரயிலோடு சேர்ந்து ஆடிப் படமெடுத்த மூன்று இளைஞர்களுக்கு வசாய் ரயில்வே நீதிமன்றம் மூன்று நாள் நிலையத்தைத் துப்புரவு செய்யச் சொன்னது. 2021இல் அமெரிக்காவில் பால் கூடைகளைப் படிக்கட்டு போல அடுக்கி ஏறி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார்கள். டிக்டாக் செயலியை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுத்து, அதே மாதம் விடுவித்தது. 2020 ஜூனில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. பெயர் மாறியதைத் தவிர நம் பையன்களுக்கு எதுவும் மாறவில்லை.

கேள்வி: எல்லை தாண்டி ஆரியங்காவு பக்கம் எடுத்தால் தமிழ்நாட்டு வண்டியைக் கேரளப் போலீஸ் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், ஆரியங்காவு

பதில்: இதைச் சொன்னவர் அபராதம் கட்டத் தயாராக இருக்கிறாரா என்று கேளுங்கள் தம்பி. வண்டிப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் நாடு முழுவதற்கும் பொதுவான கணினித் தொகுப்பில் இருப்பதால், எந்த மாநிலத்தில் விதிக்கப்பட்ட இ-சலானும் உரிமையாளரைத் தேடி வரும். கேரள மோட்டார் வாகனத் துறை வீடியோவை வைத்தே நடவடிக்கை எடுப்பதில் பெயர் பெற்றது. 2024இல் ஆலப்புழையில் காருக்குள் நீச்சல்குளம் அமைத்துப் படம் போட்டவர் உரிமத்தை இழந்தார். இந்தப் பக்கமும் இளைத்ததில்லை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்து விழுந்த பிரபல யூடியூபரின் உரிமம் பத்து ஆண்டுக்கு ரத்தானது. உங்கள் சாட்சியத்தை நீங்களே தேதியோடும் முகத்தோடும் பதிவேற்றுகிறீர்கள். போலீஸுக்கு வேலை மிச்சம்.

கேள்வி: அந்தக் காலத்தில் இளவட்டக்கல் தூக்கியதும் சாகசம்தானே? இன்றைய பிள்ளைகளை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?
– வாசகர், தென்காசி

பதில்: நியாயமான கேள்வி. கல் கை தவறினால் தூக்கியவன் காலில்தான் விழும். சுற்றி ஊர்ப் பெரியவர்கள் நின்றார்கள், அதற்கு முன் பல நாள் பயிற்சியும் இருந்தது. மலைப்பாதையில் விழுபவன் மேல் மோதப்போகும் லாரிக்காரர் இந்தப் போட்டிக்கு ஒப்புக்கொள்ளவில்லை. வீரத்தைக் காட்ட விரும்பும் பையனுக்கு ஓடுதளமும் தலைக்கவசமும் உள்ள பந்தயப் பயிற்சி இருக்கிறது; அங்கே அனுப்புங்கள்.

கேள்வி: இப்படி நடப்பதை நேரில் பார்த்தால் யாரிடம் சொல்வது?
– கடைக்காரர், கோட்டைவாசல்

பதில்: 112க்கு அழையுங்கள், இரு மாநிலத்திலும் அதே எண்தான். எல்லையில் செல்போன் அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு என்பதால், கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். சாலையில் இறங்கி நீங்களும் வீடியோ எடுக்க வேண்டாம்.