எலும்புப்புரைக்கு ஃப்ளோரைடு மாத்திரை கொடுக்கலாமா?

வணக்கம். மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் கடந்த தங்கள் தாயாருக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர் −2.8 என்று, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியக்கூடிய எலும்புப்புரை நிலையில், வந்திருப்பதாகவும், உறவினர் ஒருவர் பழைய மருத்துவ நூலைக் காட்டி சோடியம் ஃப்ளோரைடு கொடுக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

ஃப்ளோரைடு எலும்பாக்கும் செல்களைத் தூண்டுவது உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், எலும்புப்புரையால் முதுகெலும்பு முறிந்த 202 பெண்களை நான்கு ஆண்டுகள் கவனித்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடும் கால்சியமும் எடுத்துக்கொண்டவர்களின் கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி 35 சதவீதம் உயர்ந்தும், முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவுகளோ, கால்சியம் மட்டும் எடுத்தவர்களைவிட அதிகமாயின. வயிற்றுக் கோளாறும் கால்வலியும் வேறு. ஸ்கேனில் எண் ஏறியது, எலும்பு உறுதிப்படவில்லை.

தாங்கள் தருமபுரிப் பக்கம் என்பதால் ஒன்று: அங்கே பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே ஃப்ளோரைடு மிகுதி, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் ஆகிய எலும்புப்புரை மருந்துகள் முறிவையே குறைப்பதாக நிறுவப்பட்டவை; சிறுநீரகச் செயல்பாட்டையும் வைட்டமின் டி அளவையும் பார்த்த பிறகே அவற்றைத் தொடங்குவார்கள்.