எபிடிடிமிஸ் விந்தணு கருக்குழாய்த் துண்டில் ஒட்டாதது ஏன்?

இறைச்சிக்கூடத்துக் காளைகளின் எபிடிடிமிஸ் (விந்தகத்தை ஒட்டி, விந்தணு முதிர்ந்து தங்கும் சுருள்குழாய்) வால்பகுதியிலிருந்து எடுத்த விந்தணுக்கள் நன்றாக நீந்துகின்றன, ஆனால் பசுவின் கருக்குழாய்த் துண்டுகளில் ஒட்டவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். விந்தணுக்களை வைத்த ஊடகத்தை (திரவத்தை) சந்தேகிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: அந்த விந்தணுக்கள் விந்துப்பைச் சுரப்பியின் நீரைச் சந்திக்கவே இல்லை.

காளையில் ஒட்டும் வேலையைச் செய்பவை அந்தச் சுரப்பி தரும் பிஎஸ்பி (BSP, விந்தணுவோடு பிணையும்) புரதங்கள், முக்கியமாகப் பிடிசி-109. விந்து வெளியேறும்போது இவை விந்தணுவின் மேல் படிந்து, கருக்குழாய்ச் செல்லின் மேலுள்ள ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்கின்றன. 2003-இல் வந்த ஓர் ஆய்வில், பிடிசி-109 சேர்த்ததும் எபிடிடிமிஸ் விந்தணுக்கள் கூடுதலாக ஒட்டின. (பன்றி பற்றிய கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம், அங்கே சர்க்கரையே வேறு.)

அதனால் விந்தணுக்களோடு பிடிசி-109 கலந்து வைத்து, கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். கால்சியம் கட்டாயம் இருக்கட்டும். ஃபியூகோஸ் கலந்த ஒரு தட்டையும் கண்ட்ரோலாக வையுங்கள். அதில் ஒட்டல் குறைந்தால்தான் நீங்கள் பார்ப்பது உண்மையான பிணைப்பு.

ஒட்டிய விந்தணுவின் விடுவிப்பு அப்புறம். திறனேற்றத்தின்போது (விந்தணு கருவுறச் செய்யும் திறன் பெறும் மாற்றம்) பிஎஸ்பி உதிர்ந்து, வாலும் வேகமாக வீசத் தொடங்கினால்தான் விந்தணு கழன்று வரும். ஹெப்பாரின் இதைத் தூண்டும். நீங்கள் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு ஊடகத்தை அப்படியே பயன்படுத்தினால் அதில் ஹெப்பாரின் ஏற்கெனவே இருக்கலாம், லேபிளைப் பாருங்கள்.